பஞ்சாமிர்தமும் பாதரசமும்

பழனிக்காரர்களுக்கு விஷம் புதிதில்லை. மலைமேல் நிற்கும் தண்டாயுதபாணியின் சிலையை போகர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டிச் செய்தார் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. வீரம், பூரம், லிங்கம், தாளகம், மனோசிலை என்று சித்த மருத்துவம் அடுக்கும் பாஷாணங்களில் பலவும் பாதரசமோ ஆர்சனிக்கோ சேர்ந்த பொருட்கள். அந்தச் சிலைமேல் பட்டு வழிகிற பாலும், இரவில் சாத்தி விடியலில் எடுக்கிற ராக்காலச் சந்தனமும் தீராத நோயைத் தீர்க்கும் என்று நம்பித்தான் தலைமுறை தலைமுறையாகச் சனம் நடந்து வருகிறது. விஷம் மருந்தான கதையின் அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கிற ஊர் இது.

2024 செப்டம்பரில் அதே ஊருக்கு ஒரு தலைகீழ்க் கதை வந்து சேர்ந்தது. மருந்து விஷமாகிவிட்டதாம்.

திருப்பதி லட்டு நெய் சர்ச்சை வெடித்த வாரம் அது. அங்கே நெய் அனுப்பியவர்களில் ஒரு நிறுவனம் திண்டுக்கல்லைச் சேர்ந்தது என்று செய்தி வந்தது. திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு ஒரு பாலம் போட வாட்ஸ்அப்புக்கு அரை நாள் போதும். பஞ்சாமிர்தத்துக்கும் அதே நெய்தான் என்றார்கள். இல்லை, ஆவின் நெய் என்று அரசுத் தரப்பு மறுத்தது. அது அடங்குவதற்குள் இயக்குநர் மோகன் ஜி ஒரு பேட்டியில், பஞ்சாமிர்தத்தில் ஆண்மைக் குறைவை உண்டாக்கும் மாத்திரை கலக்கப்பட்டதாகத் தான் செவிவழியாகக் கேள்விப்பட்டதைச் சொன்னார். செப்டம்பர் 24 அன்று கைதானார், அன்றே விடுவிக்கப்பட்டார். பிறகு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவருக்கு முன்ஜாமீன் கொடுத்தது.

சட்டம் தன் வேலையைச் செய்தது என்று சொல்லலாம். ஆனால் கைது ஒரு வதந்தியைக் கொன்று நான் பார்த்ததில்லை. "ஏதோ இருக்கப்போய்த்தானே புடிச்சிருக்காங்க" என்று அதற்கு ஒரு கால் கூடுதலாக முளைக்கும், அவ்வளவுதான்.

முதலில் சாமானைப் பார்த்துவிடலாம். மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய். இதுதான் அஞ்சு. கூடவே பேரீச்சையும் கற்கண்டும் விழும். தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. இவ்வளவு சர்க்கரை இருக்கிற இடத்தில் நுண்ணுயிர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் மிஞ்சாது. அதனால்தான் வேறு மருந்து போடாமலேயே டப்பா நாள்கணக்கில் கெடாமல் இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பிரசாதம்.

இனி மாத்திரை. கடையில் கிடைக்கிற கருத்தடை மாத்திரைகள் எல்லாமே பெண்களுக்கானவை. பெரும்பாலானவற்றில் மைக்ரோகிராம் கணக்கில் ஹார்மோன் இருக்கும், அவற்றைத் தினமும் விடாமல் சாப்பிட வேண்டும், நிறுத்தினால் கரு தரிக்கும் திறன் திரும்பிவிடும். ஆணுக்கு என்று ஒரு கருத்தடை மாத்திரை உலகத்தில் எந்த மருந்துக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது, இன்னும் வரவில்லை. விஞ்ஞானிகளால் முடியாததை, வருஷத்துக்கு ஒருதரம் தைப்பூசத்துக்கு வந்து உள்ளங்கையில் ஒரு கரண்டி வாங்கி நக்குகிறவனுக்கு, அவனுக்கே தெரியாமல் யாரோ செய்து முடித்துவிட்டார்கள் என்பதுதான் கதை. போதாக்குறைக்கு ஆண்மைக் குறைவு, மலட்டுத்தன்மை, கருத்தடை மூன்றும் அதில் ஒரே பொருளாகக் குழம்பிக் கிடந்தன. மூன்றும் வேறு வேறு.

இந்த அளவுக்கு விளக்கம் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். நானும் சொல்லிப் பார்த்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. யாரும் அதை ஃபார்வர்ட் பண்ணவும் இல்லை. அப்போதுதான் எனக்கு உண்மையான கேள்வி பிடிபட்டது. வயிற்றுப்போக்கு வரும், புற்றுநோய் வரும் என்று சொல்லியிருக்கலாமே. ஏன் பிள்ளை பிறக்காது என்று சொல்லத் தோன்றியது?

இந்தப் பயம் உலகம் சுற்றியது. 2003இல் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில், போலியோ சொட்டு மருந்தில் மலடாக்கும் சரக்கு கலந்திருக்கிறது என்று தலைவர்களே பேசி, மருந்தை மாதக்கணக்கில் நிறுத்தினார்கள். ஒழிந்துவிட்ட பல நாடுகளுக்குப் போலியோ அங்கிருந்து திரும்பிப் போனது. உத்தரப் பிரதேசத்திலும் சொட்டு மருந்துக்கு இதே பெயர்தான் வந்தது. 2017 பிப்ரவரியில் நம்மூர்ப் பள்ளிகளில் தட்டம்மை - ரூபெல்லா ஊசி போட்டபோதும் ஆடியோக்கள் சுற்றின, பெற்றோர் தயங்கினார்கள், கெடுவை நீட்ட வேண்டியதாயிற்று.

மடத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், இந்தியாவில் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அதில் பெரும்பாலோர் ஆண்கள். ஆசை காட்டியும் மிரட்டியும் இழுத்துக்கொண்டு போனதும் உண்டு. அரசாங்கம் கையில் எதையாவது வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் நின்றால் உள்ளே இருக்கிற கிழவிக்கு வயிற்றைக் கலக்குவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பயம் எங்கிருந்தோ வருகிறது. அது போய் உட்காரும் இடம்தான் தப்பாகிறது.

அது ஒரு வீட்டுக்குள் எப்படிப் போய் உட்காருகிறது என்பதை அந்த வாரமே பார்த்தேன். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. அண்ணி போகாத ஸ்கேன் இல்லை, எடுக்காத ரத்தப் பரிசோதனை இல்லை. வெள்ளிக்கிழமை விரதம், பால்குடம், காவடி எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணன் ஒரு பரிசோதனைக்கும் போனதில்லை. "எனக்கென்னடா கொறச்ச?" என்பார். உண்மையில், குழந்தை தள்ளிப்போகிற தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. ஆணுக்கான முதல் பரிசோதனை, அண்ணிக்கு நடந்த எல்லாவற்றையும்விடச் சுலபமானது. சின்ன ஊர் லேபிலும் செய்வார்கள்.

அந்த வீடியோவை எனக்கு முதலில் அனுப்பியது அண்ணன்தான். உடனே போனும் பண்ணினார். குரலில் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கிட்டத்தட்ட நிம்மதி இருந்தது. "பாத்தியாடா? சின்ன வயசுல இருந்து எவ்வளவு தின்னுருக்கோம்." ஆறு வருஷமாகத் தன்னைக் கேட்கத் துணியாத கேள்விக்கு யாரோ வெளியூர்க்காரர் பதில் அனுப்பிவிட்டார். இனிமேல் தப்பு அவர் உடம்பிலும் இல்லை, அண்ணி உடம்பிலும் இல்லை, டப்பாவில். நான் மாத்திரைக் கணக்கை எல்லாம் சொன்னேன். "சரி விடு" என்று வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அண்ணி பேசினார். எப்போதும் அதிர்ந்து பேசாதவர். "பாருங்க தம்பி, பஞ்சாமிர்தத்த டெஸ்ட் பண்ணணும்னு ஊரே பேசுது. உங்கண்ணனும் அதத்தான் சொல்றாரு. அவர டெஸ்ட் பண்ற லேப் அடுத்த தெருவுலதான இருக்கு?"

வதந்தியைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. கேட்கிறவனைப் பயமுறுத்தத்தான் வதந்தி பரவுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பல பேருக்கு அது ஆறுதலாகவும் இருக்கிறது. நம் கையில் இருக்கிற பரிசோதனையை அது தள்ளிப்போட்டுக் கொடுக்கிறது. அந்தத் தள்ளிப்போடலின் வட்டியை யாரோ ஒரு பெண் கட்டிக்கொண்டிருப்பாள்.

சரி, உண்ணும் பொருளாலும் தொடும் பொருளாலும் ஆண்கள் மலடானதே இல்லையா? உண்டு. அதுவும் வாழைத் தோட்டத்தில். டிபிசிபி என்று ஒரு பூச்சிக்கொல்லி, வேரைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்வதற்கு. எலிகளின் விரைகள் இதனால் சுருங்குகின்றன என்று தயாரித்த நிறுவனங்களின் ஆய்வே 1961இல் வெளியானது. விற்பனை நிற்கவில்லை. 1977இல் கலிஃபோர்னியாவின் லாத்ராப் என்ற ஊரில், அதைக் கலக்கும் ஆலையில் வேலைசெய்த ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது, கொஞ்ச காலமாக நம்மில் யாருக்குமே பிள்ளை பிறக்கவில்லையே என்று கவனித்தார்கள். போய்ப் பரிசோதித்தார்கள். பலருக்கு விந்தணு அறவே இல்லை, அல்லது மிகக் குறைவு. 1979இல் அமெரிக்கா அதன் பெரும்பாலான பயன்பாட்டை நிறுத்தியது. கோஸ்டா ரிகா, நிகரகுவா போன்ற நாடுகளின் வாழைத் தோட்டங்களில் அதைத் தெளித்த ஆயிரக்கணக்கான கூலிகள் பல பத்தாண்டுகள் வழக்கு நடத்தினார்கள். மலடானது பழம் தின்றவன் இல்லை. பழத்துக்கு மருந்தடித்தவன்.

அந்த லாத்ராப் ஆட்களின் பேச்சை நான் திரும்பத் திரும்ப நினைப்பேன். ஆண்கள் கூடுகிற இடத்தில், "எனக்குப் பிள்ளை இல்லை, உனக்கு?" என்று ஒருவன் வாய்திறந்திருக்கிறான். எங்கள் பஸ் ஸ்டாண்டில் ஆண்மைக் குறைவு நோட்டீஸ் ஒட்டாத சுவர் இல்லை, ஆனால் எந்த டீக்கடையிலும் அந்தப் பேச்சு நடந்து நான் கேட்டதில்லை.

கலிஃபோர்னியாவரை போக வேண்டியதும் இல்லை. மலைவாழை விளைகிற இதே பழனி மலைத்தொடரில், எங்கள் ஊரிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் ஏறினால் கொடைக்கானல். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்து பிரித்துக் கொண்டுவந்த தெர்மாமீட்டர் ஆலை ஒன்று 1980களில் அங்கே ஓடத் தொடங்கியது. பின்னாளில் அது ஹிந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. வேலை, கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் அடைப்பது. உலோகப் பாதரசத்தை விழுங்கினால் பெரும்பகுதி வெளியே போய்விடும். அதன் ஆவியைச் சுவாசித்தால் பெரும்பகுதி உடம்பிலேயே தங்கும். சாதாரண வெப்பத்திலேயே அது ஆவியாகும். வாசனை கிடையாது. கண்ணுக்கும் தெரியாது. மூளையையும் சிறுநீரகத்தையும் மெல்ல மெல்லத் தொடும்.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஏழு டன்னுக்கு மேல் கிடப்பதை ஊர்க்காரர்களும் சூழலியல்காரர்களும் காட்டிக்கொடுத்தார்கள். ஆலை மூடியது. 2003இல் சுமார் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள். உடம்பு கெட்டது என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். ஆலை வேலையால் யாருக்கும் பாதிப்பில்லை என்று நிறுவனம் சொன்னது. 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் வீடியோ உலகம் முழுக்கப் பரவிய பிறகு, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு ஒப்பந்தம் ஆனது. கிடங்கில் கண்ணாடி கிடைத்ததிலிருந்து 15 வருஷம்.

பஞ்சாமிர்த மாத்திரை ஒரு வாரத்தில் தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. பாதரசம் எங்கள் தலைக்கு மேலேயே பல வருஷம் ஆவியானது. எங்கள் தெருவில் ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

என் வேலை மென்பொருளில் பிழை தேடுவது. "ஆப் சரியில்ல" என்று மட்டும் ஒரு புகார் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பக்கத்தில், எதை அழுத்தியபோது, எத்தனை பேருக்கு, எப்போதிலிருந்து என்று இருந்தால் அது பாதி தீர்ந்த பிழை. இப்போது உடல்நலப் பீதி எது வந்தாலும் நான் அதையேதான் கேட்கிறேன். என்ன பொருள்? எவ்வளவு? எந்த வழியாக உள்ளே போகிறது? யாருக்கு என்ன ஆனது, அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? லாத்ராப் ஆட்களிடமும் கொடைக்கானல் தொழிலாளர்களிடமும் இதற்கெல்லாம் பதில் இருந்தது. அவர்கள் கேட்டது நஷ்டஈடும் மருத்துவமும். மாத்திரைக் கதையில் எதிரி மட்டும்தான் இருந்தான், நோயாளி ஒருவர்கூட இல்லை.

நோயாளி இல்லாத நோயைப் பற்றி யாராவது சொன்னால் நான் அவசரப்படுவதில்லை. நோயாளிகள் வரிசையாக வந்து நின்று, "நோயே இல்லை" என்று ஒரு நிறுவனம் சொல்கிறபோதுதான் பயப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

பஞ்சாமிர்தத்தை எப்படிச் சாப்பிடுகிறோம் என்று ஒருதரம் யோசித்துப் பாருங்கள். யார் கிண்டினார், கை கழுவினாரா, எதுவும் கேட்பதில்லை. வின்ச்சில் இறங்கி வருகிறவன், டப்பாவைப் பிரித்து, பக்கத்தில் நிற்கும் முகம் தெரியாத ஆளிடம் நீட்டுகிறான். அவரும் வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறார். இன்னொருவர் கையை நம்பி வாய் திறக்கிற பழக்கம் அது. சோதனை வேண்டும்தான், நெய்க்கும் பழத்துக்கும் ஆண்டுக்கு எத்தனை முறை சோதனை நடக்கிறது என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் அதைக் கேட்கிறவன், தன் உடம்பையும் அதே லேபுக்குக் கொண்டுபோகத் தயாராக இருக்க வேண்டும். அடுத்த தெருவில்தானே இருக்கிறது.