ஓர் அடி உயர்த்தினால் எவ்வளவு வரும்?

நீளத்தை அகலத்தால் பெருக்கி, வந்ததை உயரத்தால் பெருக்கினால் கனவளவு. இதைப் பரீட்சைக்காகவே நாம் பாடமாக்குகிறோம். ஒரு குடும்பத்தின் சேமிப்பு அந்தப் பெருக்கலில் தங்கியிருக்கும் என்பதை ஈச்சிலம்பற்றில்தான் நான் விளங்கிக்கொண்டேன்.

என் வாப்பா மேசன் வேலை செய்பவர். மூதூரிலிருந்து ஈச்சிலம்பற்றுப் பக்கம் அடிக்கடி வேலைக்குப் போவார். மகாவலி கங்கையின் கிளையான வெருகல் ஆறு அப்பகுதியில்தான் கடலில் கலக்கிறது. 2004 டிசம்பர் 26இல் சுனாமியும், 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணத்தை மூழ்கடித்த வெள்ளமும் நம் பெரியவர்கள் கண்டவை. அதனால் அங்கே வீடு கட்டுபவர்கள் கூரையைப் பற்றிக் கேட்பதற்கு முன் நிலத்தின் உயரத்தைப் பற்றியே கேட்பார்கள்.

இரண்டு பிள்ளைகளோடு தனியாக வாழும் ஓர் அக்காவும் அதையே கேட்டார். "நானா, நிலத்த இன்னும் ஒரு அடி உயர்த்தினா எவ்வளவு வரும்?"

30 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட சிறிய வீடு. பழைய மடிக்கணினியில் அதை முப்பரிமாணத்தில் வரைந்தேன். கணினி கனவளவைக் காணும் முறை அழகானது. உருவத்தின் மேற்பரப்பு முழுவதையும் சிறு முக்கோணிகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு முக்கோணியையும் ஒரே புள்ளியோடு இணைத்து நான்முகிகளாக்கி, அவற்றின் கனவளவுகளை நேர், மறைக் குறிகளோடு கூட்டும். ஆனால் உருவம் எல்லாப் பக்கமும் மூடியிருக்க வேண்டும். நூலளவு இடைவெளி இருந்தாலும் விடை பிழைத்துப்போகும். தூணும் பீமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தால், அந்த இடத்துக் கொங்கிறீட் இரண்டு தடவை கணக்கில் வந்துவிடும்.

வெளி அளவைப் பெருக்கினால் ஓர் அடி உயரத்துக்கு 600 கன அடி. 9 அங்குல வெளிச்சுவர்களையும் குறுக்கே ஓடும் ஒரு சுவரையும் கழித்தால், உள்ளே நிரப்ப வேண்டியது ஏறத்தாழ 513 கன அடி. 100 கன அடி ஒரு கியூப் என்பதால் 5 கியூபுக்குச் சற்று அதிகம். கழித்த 87 கன அடியும் இலவசமல்ல. அது கல்லும் சாந்துமாகத் தனியே செலவு வைக்கும்.

வாப்பா திரையைப் பார்த்துவிட்டு, "மகள், மண் அமுங்கும். அத உன்ட கணினி சொல்லுதா?" என்றார்.

சொல்லாது. திரையில் இருப்பது இறுகிய நிலத்தின் கனவளவு. லொறியில் வருவதோ உதிரி மண். இடித்து இறுக்குவதற்குக் கால் பங்கு கூட்ட வேண்டும் என்பது வாப்பாவின் அனுபவம். கூட்டினால் ஏறக்குறைய ஆறரை கியூப். அக்காவின் கையிலிருந்த பணத்துக்கு அது கூடுதல்தான்.

மாதிரியுருவின் பயன் அப்போதுதான் தெரிந்தது. முன் வெராண்டாவுக்கு 20 அடி நீளம், 6 அடி அகலம், 5 அங்குலத் தடிப்பில் கொங்கிறீட் தட்டு போட்டிருந்தோம். அதன் கனவளவு 50 கன அடி. 1:2:4 கலவைக்கு ஏறத்தாழ ஒன்பது மூட்டை சீமெந்து, அதற்கு மேல் கம்பி, மணல், சல்லி, பலகையடிப்பு. அந்தத் தட்டை நீக்கித் தகரம் போடுவதாக வரைந்து காட்டினேன். அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வெராண்டா பிறகு கட்டலாம் பிள்ள. தண்ணி வந்தா புள்ளைகளத் தூக்கிட்டு ஓட ஏலாது. நிலத்த உயர்த்துவோம்" என்றார்.

இந்தக் கணக்கு புதியதல்ல. 1427இல் சமர்கந்தில் அல்-காஷி எழுதி, மன்னர் உலுக் பேக்குக்குச் சமர்ப்பித்த 'மிஃப்தாஹுல் ஹிஸாப்' என்ற கணித நூலில், வளைவுகளையும் குவிமாடங்களையும் அளக்கும் முறைகள் உள்ளன. விண்ணை ஆராய்ந்த அந்த அறிஞர், கட்டடக்காரரின் தேவையையும் கணிதத்துக்குரிய விடயமாகவே மதித்தார்.

நம் தோழியர் பலரின் வீடுகளில் இன்றும் சுவர் எழும்பிக்கொண்டிருக்கும், அல்லது பாதியில் நின்றிருக்கும். பெரும்பாலும் உம்மாமார் பணம் கொடுப்பார்கள். எதற்கு எவ்வளவு என்று கேட்கத் தயங்குவார்கள். கனவளவு தெரிந்த மகள் ஒருத்தி பக்கத்தில் இருந்தால் அந்தத் தயக்கம் குறையும். கணினி இல்லையென்றால் ஒரு கொப்பித்தாளும் அளவு நாடாவும் போதும். எண்ணை நாம் கண்டுபிடிப்போம். மண் எவ்வளவு அமுங்கும் என்பதை வேலை தெரிந்தவரிடம் கேட்போம். சீமெந்து மூட்டை பிரிக்கப்படுவதற்கு முன்பே இரண்டையும் செய்துவிடுவோம்.