பண்பொழியில் ஓர் இசைஞர்

செங்கோட்டைக்கு வடக்கே, மேற்கு மலைத்தொடரின் மடியில் அமைந்திருக்கும் சிற்றூர் பண்பொழி. பசுஞ்சோலை எனப் பொருள்படும் 'பைம்பொழில்' என்பதே இதன் பழம்பெயர் என்பர். மக்கள் நாவில் உருண்டு அது பண்பொழி ஆயிற்று. மாறிய பெயரும் பொருளற்றுப் போய்விடவில்லை. 'பண் பொழியும் ஊர்' என்று அதற்குப் புதுப்பொருள் கொள்ளலாம். அவ்வாறு கொள்வதற்குத் தகுதியான ஒரு முதியவரைச் சந்திப்பதற்காகவே சென்ற ஆடி மாதத்தில் அவ்வூருக்குச் சென்றிருந்தேன்.

ஆனி, ஆடி மாதங்களில் இப்பகுதியின் அழகே தனி. ஆரியங்காவுக் கணவாயின் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைகிறது. மலைக்கு அப்பால் பெருமழையாகக் கொட்டும் மேகம், இப்பக்கம் வரும்போது மெல்லிய சாரலாக மாறிவிடுகிறது. குற்றால அருவிகளைத் தேடி வரும் கூட்டம் தென்காசியோடு நின்றுவிடுவதால் பண்பொழியில் சந்தடி இல்லை. மேற்கே மேக்கரையில் அடவிநயினார் அணை, அனுமன் நதியின் நீரால் விளையும் நெல்வயல்கள், வரப்போரம் தென்னை, தனிக்குன்றின் மேல் திருமலை முருகன் கோயில். அருகிலேயே முஸ்லிம்கள் நிறைந்து வாழும் வடகரையும் அச்சன்புதூரும். சற்று வடகிழக்கே, சிங்கப்பூரோடு பல தலைமுறைத் தொடர்புடைய கடையநல்லூர்.

இம்மண் கேட்டு வளர்ந்த மண். திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைத் தந்தது இங்கேதான். கவிதையை வாய்விட்டுச் சொல்லிச் செவியால் சுவைக்க வேண்டும் என்று தமிழருக்கு உணர்த்திய ரசிகமணி டி.கே.சி. அவர்கள், 1954இல் மறையும் வரை குற்றாலத்தில்தான் வாழ்ந்தார்கள். தக்கலையில் அடங்கியிருக்கும் ஞானி ஷைகு பீர் முஹம்மது அப்பா அவர்கள் பிறந்த ஊரும் தென்காசியே. ஒவ்வோர் ஆண்டும் ரஜப் மாதத்தில், அவர்களுடைய 'ஞானப்புகழ்ச்சி' தக்கலையில் இரவெல்லாம் கூட்டாகப் பாடப்படுவதை வாசகர்களில் பலர் அறிவீர்கள்.

நான் சந்திக்கச் சென்ற பெரியவருக்கு 72 வயது. இளமையில் தப்ஸ் அடித்துப் பழகிப் பின்னர் தபேலா கற்று, இஸ்லாமியப் பாட்டுக் கச்சேரிக் குழுக்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாசித்தவர். வாசிப்பு இல்லாத இரவுகளிலும் எங்கே கச்சேரி என்றாலும் பேருந்தேறிப் போய்க் கூட்டத்தில் ஒருவராக அமர்ந்து கேட்டவர். திண்ணையில் பாய் விரித்து என்னை அமரச் செய்தார். வலப்பக்கமாக உட்காரும்படி சொன்னார். "இடக்காது எடுபடாது, அஜரத். பெட்டி ஒலிபெருக்கியின் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்த கூலி அது" என்று சிரித்தார். சாரலில் தோல் தளர்ந்து போயிருந்த பழைய தப்ஸ் ஒன்று, அடுப்பங்கரைச் சுவரில் அனல் படும்படி மாட்டப்பட்டிருந்தது.

பேச்சு இயல்பாகவே 'இசைமுரசு' நாகூர் இ.எம்.ஹனிபா அவர்களிடம் சென்றது. 1925இல் இராமநாதபுரத்தில் பிறந்து, நாகூரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டு, 2015 ஏப்ரலில் மறைந்த அந்தக் கலைஞரின் கச்சேரிகளை, எழுபதுகளில் நெல்லைச் சீமையின் மீலாது மேடைகளில் பலமுறை கேட்டவர் இவர்.

"இஷா தொழுகை முடிந்த பிறகுதான் கூட்டம் சேரும். ஆண்கள் திடலில் மணலிலேயே உட்காருவார்கள். பெண்கள் திரைக்குப் பின்னாலும் மொட்டை மாடிகளிலும் இருப்பார்கள். ஒலிபெருக்கி கெட்டுப்போனாலும் கச்சேரி கெட்டுப்போகாது, மாமனிதர் குரல் அப்படி! ஆனால் நான் குரலை மட்டும் கேட்கப் போகவில்லை, அஜரத். கூட்டத்தைக் கேட்கப் போனேன்" என்றார்.

கூட்டத்தைக் கேட்பதா? அவர் சொன்ன விளக்கம் எனக்குப் புதிது. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் தொலைவுதான் செல்லும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவரின் செவிக்குப் பாட்டு எட்டுவதற்கு நொடியில் ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு ஆகிவிடுகிறது. அவர் தட்டும் கைத்தட்டல் மேடைக்குத் திரும்பி வர மேலும் அவ்வளவு நேரமாகும். ஆகவே பெருங்கூட்டத்தின் கைத்தாளம் எப்போதும் பின்தங்கியே மேடைக்கு வந்து சேரும். அதன் பின்னால் போகும் வாசிப்பாளரின் தாளம் மெல்ல மெல்லத் தொய்ந்து பாட்டே படுத்துவிடும். அதை அறவே காதில் வாங்காமல் வாசித்தாலோ, கூட்டத்திற்கும் மேடைக்கும் இடையே உள்ள உறவு அறுந்துவிடும். "முன்வரிசையில் தலையசைக்கிற ஒரு முகத்தைப் பிடித்துக்கொள்வேன். என் தாளத்திற்கு அந்த முகம்தான் காவல்" என்றார் பெரியவர். கல்லூரியிலும் மதரஸாவிலும் பல ஆண்டுகள் பாடம் படித்த எனக்கு இப்பாடத்தை யாரும் நடத்தியதில்லை.

பாடகரும் கூட்டமும் சேர்ந்தே பாட்டை உருவாக்குகிறார்கள் என்பதற்கு அரபுலகில் ஒரு பேருதாரணம் உண்டு. எகிப்து நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசல் இமாமுடைய மகளான உம்மு குல்தூம், சிறுமியாக இருந்தபோது தந்தையின் குழுவோடு சேர்ந்து மார்க்கப் பாடல்களைப் பாடத் தொடங்கியவர். பிற்காலத்தில், மாதத்தின் முதல் வியாழன் இரவுகளில் அவர் நடத்திய கச்சேரிகள் கெய்ரோ வானொலியில் ஒலிபரப்பாயின. கேட்போர் உருகி வேண்டும்போதெல்லாம் ஒரே அடியைப் புதிய புதிய வடிவில் திரும்பத் திரும்பப் பாடுவாராம். ஒரே பாட்டு ஒரு மணி நேரத்தையும் கடந்து செல்வதுண்டு. 1975இல் அவர் மறைந்தபோது கெய்ரோ வீதிகள் மக்கள் வெள்ளத்தில் மூழ்கின. நம்மூர்த் திடல்களில் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பி, விரும்பிய பாட்டைக் கேட்டு வாங்கினோமே, அதுவும் இதே உறவுதான்.

பெரியவருக்கு வேறோர் அனுபவமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் பணிபுரியும் மகன், தந்தையை மகிழ்விக்க எண்ணி, பத்தாயிரம் பேருக்கு மேல் அமரும் உள்ளரங்கு ஒன்றில் நடந்த திரையிசை நிகழ்ச்சிக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். அதை இவர் குறை சொல்லவில்லை. "வாசித்தவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள். கடைசி வரிசைக்கும் பாட்டு ஒன்றுபோல் கேட்டது" என்று வியந்தார். அந்தப் பெரிய அரங்குகளில், தொலைவில் தொங்கும் ஒலிபெருக்கிகளை ஒரு சிறு இடைவெளி தாமதித்து ஒலிக்கச் செய்கிறார்கள். மேடையிலிருந்து காற்றில் வரும் ஒலியும் அதுவும் ஒன்றாகச் செவியைச் சேர வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இவர் ஒரு முகத்தைப் பார்த்துத் தீர்த்துக்கொண்ட சிக்கலை அங்கே கருவிகள் தீர்த்து வைக்கின்றன. "ஆனால் பாடுபவர் முகத்தைத் திரையில்தான் பார்த்தேன். அவர் எங்கள் முகத்தைப் பார்த்திருக்க வழியில்லை. அவர் கண்ணில் விளக்கு. பிறகு, நெஞ்சுக்குள் இடிக்கிற மாதிரி சத்தம். இரண்டு நாள் காதுக்குள் வண்டு பாடியது" என்றார்.

இந்த 'வண்டு' அலட்சியப்படுத்தத் தக்கது அன்று, வாசகர்களே. பேரொலியைக் கேட்ட பின் செவிக்குள் இரைச்சல் எழுந்தால், உட்செவியின் நுண்ணிய மயிர்க்கலங்கள் அடிபட்டிருக்கின்றன என்பது பொருள். இறந்த மயிர்க்கலம் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, இசையரங்குகளில் சராசரி ஒலி அளவு 100 டெசிபலைத் தாண்டக்கூடாது. கேட்போருக்குச் செவியடைப்பான்கள் கிடைக்கச் செய்வதும், சத்தத்திலிருந்து விலகி இளைப்பாற ஓரிடம் ஒதுக்குவதும் அந்நெறிகளில் அடங்கும். உள்ளரங்கிற்கு மட்டுமன்று, நம் கந்தூரித் திடலுக்கும், திருமண மண்டபத்துப் பெட்டி ஒலிபெருக்கிக்கும் இது பொருந்தும்.

பெரியவரின் மனத்தை இப்போது வருத்துவது அவருடைய காது அன்று, பேரன். பதினாறு வயதுப் பிள்ளை. பாட்டனிடமே தப்ஸ் கற்றவன். சென்னையில் நடக்கவிருக்கும் ஒரு பெருநிகழ்ச்சிக்கு நண்பர்களோடு போக வேண்டும் என்கிறான். தாய் மறுக்கிறார். 2023 செப்டம்பரில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் நிகழ்ச்சியின்போது, நுழைவுச்சீட்டு வாங்கிய பலர் உள்ளே செல்ல முடியாமல் நெரிசலில் தவித்ததும், பெண்களும் குழந்தைகளும் பட்ட அவதியும் நாளேடுகளில் வந்தன அல்லவா? அச்செய்தி அந்தத் தாயின் நெஞ்சை விட்டு அகலவில்லை. "மார்க்கமும் இதை ஒப்பாதே, அஜரத்? நீங்களே அவனுக்குச் சொல்லுங்கள்" என்று கதவின் பின்னால் இருந்து கேட்டார்.

இசையைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. பெருநாளிலும் திருமணத்திலும் தப்ஸ் அடிக்கப்பட்டதற்கு ஹதீஸில் சான்று உண்டு. மற்ற இசைக்கருவிகளைத் தடுத்தோரும் உளர். வரம்போடு இசைந்தோரும் உளர். இத்திண்ணையில் அமர்ந்து நான் தீர்ப்பு வழங்க முன்வரவில்லை. ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம்முடைய இஹ்யாவில் செவியேற்பைப் பற்றி எழுதிய நீண்ட பகுதியில் எடுத்துக்காட்டும் ஒரு கருத்தை அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்களுடையதாக அங்கே சொல்லப்படும் அளவுகோல் மூன்று: காலம், இடம், உடனிருப்போர். தொழுகை தவறும் நேரமா? மானமும் உயிரும் காக்கப்படும் இடமா? உன்னைக் கைவிட்டுவிடாத துணையா? இம்மூன்றுக்கும் விடை தெரியாமல் எந்தக் கூட்டத்திற்கும் போகாதே என்றேன்.

பேரன் தலைகுனிந்திருந்தான். பெரியவர்தான் பேசினார். "போகட்டும் அஜரத், நானும் கூடப் போகிறேன். காதுக்குப் பஞ்சு போதாது என்கிறார்கள். மருந்துக் கடையில் அடைப்பான் வாங்கிக்கொள்வோம். ஆனால் அதற்கு முன்னால் ரஜபு மாதம் அவன் என்னோடு தக்கலைக்கு வர வேண்டும். மேடையே இல்லாமல் கூட்டமே பாடுவதை ஓர் இரவு கேட்கட்டும். பிறகு எது பெரிய கச்சேரி என்று அவனே சொல்லட்டும்."

தாய் உடனே இசைந்துவிடவில்லை, மறுக்கவும் இல்லை. பிள்ளையோ தக்கலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டான்.

விடைபெறும் நேரத்தில் பெரியவர் என்னிடம் ஒன்று கேட்டார். ஒரு காலத்தில் தம்மோடு பன்னிரண்டு பேர் தப்ஸ் அடித்த பைத்துக் குழுவில் இன்று பேரனையும் சேர்த்து மூவரே எஞ்சியிருக்கிறார்கள். திருமணங்களுக்கு ஒலிநாடாக்களும், பிறகு குறுந்தகடுகளும், இப்போது கைப்பேசியுமே போதுமானவையாகிவிட்டன. வியாழன் மாலைகளில் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் மதரஸாவின் தாழ்வாரத்தைத் தந்தால், கூலி எதுவும் பெறாமல் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவதாகச் சொன்னார். நிர்வாகிகளிடம் கேட்டிருக்கிறேன். சிலர் இசைகிறார்கள்; சிலர் தயங்குகிறார்கள். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் பேசி முடிவெடுக்க இருக்கிறார்கள்.

வாசகர்களே! உங்கள் ஊரிலும் இத்தகைய முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். அவர் கையில் தாளம் இருக்கும்போதே பிள்ளைகளை அவர் முன் உட்கார வையுங்கள். எத்தனை பெரிய அரங்கானாலும் அங்கே நம் பிள்ளைகள் கேட்போராக மட்டுமே இருக்க முடியும். பாடுவோராக அவர்கள் வளர வேண்டுமானால், அதற்கு ஒரு திண்ணையும், பொறுமையுள்ள ஒரு பெரியவரும், வாரத்தில் ஒரு மணி நேரமும் போதும்.