பூர்வீகம் எந்த ஊர்?



சென்ற தை மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், காபி அருந்தியதும் வழக்கம்போல் கேட்டார்கள்: "டாக்டர், உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊர்?"

இந்தக் கேள்விக்கு என் தந்தையார் ஆயுள் முழுவதும் "கோவில்பட்டிப் பக்கம்" என்றே சொல்லி வந்தார். நானோ, "எட்டயபுரம், ஜமீன் வகையறா" என்று சொல்லிவிட்டேன். பெரியவர் சிரித்தபடி, "அப்படியானால் எட்டப்பன் வம்சம் என்று சொல்லுங்கள்!" என்றார். என் மனைவியின் முகம் வாடிவிட்டது.

எனக்குப் பதினான்கு வயதில், பக்கத்து வீட்டில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தை வீடியோவில் போட்டார்கள். எட்டப்பன் வந்ததும் எல்லோரும் திட்டினார்கள். அப்பா எழுந்து போய்விட்டார். காரணத்தைத் தம் கடைசிக் காலத்தில்தான் சொன்னார். பாட்டனார் கப்பலில் கொண்டு வந்த வம்சாவளிக் காகிதம், 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு போட்டபோது வீட்டோடு எரிந்துபோயிற்று. வாய்ச்சொல்தான் மிச்சம்.

சில வருஷங்களுக்கு முன் எட்டயபுரம் போனேன். அங்கே ஒரு முதியவர், "பர்மாவுக்குப் போனவர் பேரனா?" என்று பாட்டனார் பெயரைத் தாமே சொன்னார். சந்தேகம் தீர்ந்தது; சங்கடம் தீரவில்லை. ஆகவே சரித்திரத்தைப் படித்தேன்.

'எட்டப்பன்' ஒரு தனி மனிதர் பெயரன்று. அந்தப் பாளையத்தார் வழிவழியாகத் தாங்கிய பட்டம். பாஞ்சாலங்குறிச்சியோடு அவர்களுக்கு எல்லைத் தகராறு வெகுநாளாக இருந்தது. 1799-ல் பானர்மன் படையெடுத்தபோது எட்டயபுரத்து ஆட்கள் கும்பினியார் பக்கம் நின்றார்கள். பின்னர் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் ஒரு பகுதி பரிசாகவும் கிடைத்தது. இதை மறுக்க முடியாது. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். பழிச்சொல் மட்டும் எட்டயபுரத்துக்கே முழுதாக வந்து சேர்ந்தது.

அதே அரண்மனைதான் முத்துசுவாமி தீட்சிதரை ஆதரித்தது. 1835-ல் அவர் சமாதியானதும் அவ்வூரில்தான். 1882-ல் அங்கே பிறந்த சுப்பிரமணியன் 'பாரதி' பட்டம் பெற்றதும் அந்தச் சமஸ்தானத்தில்தான். இதைச் சொல்வதால் அது கழுவப்படாது. இரண்டும் ஒரே வீட்டுக் கணக்கு.

இவற்றை அந்தப் பெரியவரிடம் சொல்லி, வைத்தியன் என்ற முறையில் ஒன்று சேர்த்தேன்: "நோயாளியிடம் நான் குடும்பச் சரித்திரம் கேட்பது பழி சொல்ல அல்ல, எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அறியத்தான். எட்டுத் தலைமுறை மேலே போனால் ஒவ்வொருவருக்கும் 256 மூதாதையர் ஸ்தானம். அதில் ஒருவர் எனக்கு எட்டப்பன். மற்றவர்கள் யாரோ! சர்க்கரை வியாதி வழிவழியாக வரலாம், துரோகம் வருவதில்லை. பக்கத்து வீட்டுப் பகைக்காக அந்நியனுக்குக் கதவு திறக்கக் கூடாது என்ற பாடம் மட்டும் வரட்டும்."

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். நம்மைப்போல் கடல் கடந்து வந்தவர்கள் பார்க்கத்தான் வேண்டும். இரண்டு தலைமுறை மௌனமாக இருந்தால் ஊர்ப் பெயரே மறந்துபோகும். நம் வீட்டு முதியவர்களிடம் நல்லதும் கெட்டதுமாகக் கேட்டு, இப்போதே எழுதி வையுங்கள்.

சம்பந்தம் என்னவாயிற்று என்கிறீர்களா? பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மறைக்காமல் சொன்னீர்களே, அது போதும்" என்றார். வரும் ஆவணியில் முகூர்த்தம். அன்பர்கள் யாவரும் குடும்பத்தோடு வந்திருந்து வாழ்த்த வேண்டுகிறேன்.