வரும் உயிர்க்கோர் அறை

உயிர்கள் ஆணவ மலத்தின் பிடியினின்றும் நீங்கி உய்தற்பொருட்டு இறைவன் அவற்றிற்குத் தனு, கரண, புவன, போகங்களை மாயையினின்றும் தோற்றுவித்துக் கொடுத்தருளுகின்றான் என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. உடம்பு தனு, மனம் முதலிய கருவிகள் கரணம், உறையும் இடம் புவனம், நுகரும் பொருள் போகம். புவனம் என்றவழி, கற்பார் பலரும் நிவிர்த்தி முதலிய கலைகளுள் அடங்கிய 224 புவனங்களை எண்ணுவரேயன்றி, பத்தடி நீளமும் எட்டடி அகலமும் உடைய ஓர் அறையை எண்ணார்.

மயிலாடுதுறையில் வாழும் அன்பர் ஒருவர் அதனை எண்ண நேர்ந்தது. அவர்தம் மனைவியார் ஏழாந் திங்களில் வளைகாப்பு நிறைந்து தாய்வீடு சென்றிருந்தார். இல்லத்தின் கீழைப்பக்கத்து அறை இரண்டாண்டாகப் பூட்டிக் கிடந்தது. முன்னொரு கருப்பம் எட்டாந் திங்களில் உயிரற்ற மகவாய்ப் பிறந்து முடிந்தது. அதற்கு முன்னரே அவ்வன்பர் மகிழ்ச்சி மிகுதியால் அவ்வறையின் உத்தரத்தில் தொட்டிற் கொக்கியை முடுக்கி, தொட்டிலும் வாங்கி வைத்திருந்தார். பிறகு தொட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டு, அறையைப் பூட்டினார்.

இம்முறை அவர் திறவுகோலைக் கையில் எடுத்தபோது, உடன் வாழும் அத்தை தடுத்தாள். "தம்பி, பிள்ளை பிறந்து புண்ணியாகவாசனம் ஆகும்வரை ஒரு துண்டுத் துணியும் எடுத்து வைக்கலாகாது. முன்னே நீ அவசரப்பட்டதற்குக் கண்ட பலன் போதாதா?" என்றாள். அம்முதியவள் அன்பினாற் சொன்ன சொல்லே அது. ஆயினும் இரண்டாண்டாக அவர் தம் உள்ளத்துள் தமக்கே சொல்லிக்கொண்டிருந்த குற்றச்சாட்டும் அதுவே ஆகலின், திறவுகோலை மீண்டும் ஆணியில் மாட்டிவிட்டுத் திண்ணையில் அமர்ந்தார்.

கொக்கி முடுக்கிய கை ஒரு மகவின் உயிர்க்கு இறுதி செய்யுமோ? மாணிக்கவாசக சுவாமிகள் போற்றித் திருவகவலில், கருவிற்குத் திங்கள்தோறும் நேரும் இடர்களை நிரலே எண்ணி, உயிர் அவற்றிற் பிழைத்து வருதலை விரித்தருளினார். அவ்வெண்ணிக்கையுள் தந்தை வாங்கிய தொட்டில் யாண்டும் இடம்பெறவில்லை. மகவு நீங்கியது அவ்வுயிரின் ஊழ். பெற்றோர் எய்திய துயர் அவர்தம் ஊழ். இரண்டனையும் ஓரிடத்துக் கூட்டுவிப்பவன் இறைவன். இவ்வுண்மையைத் துயருற்றார் முன் விரைந்து எடுத்துரைப்பது தகாது. ஆண்டு சில கழித்து உரைப்பினும் சிலர்க்கு முள்ளாகவே தைக்கும். தாமே நூலைத் திறந்து காணும்போதுதான் அது மருந்தாகின்றது.

அவ்வன்பர் கண்டது மெய்கண்டார் வரலாற்றில். பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் ஆசிரியர்பால் விண்ணப்பிக்க, திருமுறையிற் கயிறு சாத்தியவழித் திருஞானசம்பந்தப் பிள்ளையாரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. களப்பாளர் மனைவியாருடன் திருவெண்காட்டை அடைந்து, முக்குள நீராடி, வழிபட்டு ஒரு மகவைப் பெற்றுச் சுவேதவனப் பெருமாள் எனப் பெயரிட்டார். இதுவரை யாவரும் அறிவர். அக்குழவி வளர்ந்தது எங்கே? பெண்ணாகடத்தில் அன்று, திருவெண்ணெய்நல்லூரில், தாய்மாமன் இல்லத்தில். பரஞ்சோதி முனிவர் உபதேசித்ததும் அங்கே. நோன்பிருந்து பெற்ற தந்தைக்குத் தம் இல்லத்தில் வைத்து வளர்க்கும் பேறு வாய்த்திலது. அதனால் அவர் முக்குளத்து மூழ்கியது வீண் என்பார் உளரோ? கயிறு சாத்திய ஆசிரியரே பின்னர் அக்குழந்தையின் அடிபணிந்து அருணந்தி சிவாசாரியர் ஆயினார். வந்த உயிர் களப்பாளருடைய பொருளன்று. அவர் அதற்கு வழி செய்தார், அவ்வளவே.

மறுநாட் காலையில் அவர் அறையைத் திறந்தார்.

சுவரில் இருந்தது அவர் தந்தையார் காலத்துப் பச்சை எண்ணெய்ப் பூச்சு. அத்தகைய பழம் பூச்சுக்களில் ஈயம் மிக்கிருத்தல் கூடும். வீட்டுப் பூச்சுக்களில் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேல் ஈயம் இருத்தலாகாது என இந்திய அரசு 2016-இல் விதி வகுத்து, 2017 நவம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியது. உலர்ந்த பூச்சைச் சுரண்டும்போது எழும் தூள் கருவுற்ற தாய்க்கும் கருவிற்கும் ஊறு செய்வது. தவழும் குழவியின் அறிவு வளர்ச்சியைக் கெடுப்பது. ஆகலின் மனைவியார் இல்லாத நாட்களே அப்பணிக்கு உரியன. அன்பர் முகக்கவசம் அணிந்து, சுவரை நீரால் நனைத்து நனைத்தே சுரண்டினார். உதிர்ந்ததைத் துடைப்பத்தாற் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். ஐந்து நாள் ஆயிற்று. பின்னர்க் கிளிஞ்சற் சுண்ணாம்பை ஊறவைத்து வடித்து மும்முறை பூசினார்.

கையிற் சுரண்டியுடன் நின்றபோது நாவுக்கரசரின் உழவாரம் அவர் நினைவிற்கு வந்தது. இல்லத்துச் சுவரைத் திருக்கோயில் முன்றிலோடு ஒப்பிடுதல் மிகை என்று கடிவார் கடிக. தன் வசதிக்கன்றி, இன்னும் முகங்காணாத ஓர் உயிர்க்காக, அது வருமோ என்ற அச்சத்தினூடும் ஒருவன் அழுக்கை அகற்றுவானாயின், அவன் கைவேலையைத் தொண்டு என்பதற்கு நாவுக்கரசர் முனியார் போலும்.

கொக்கி ஒன்றே எஞ்சியது. ஏணிமீது ஏறி அதனைக் கழற்ற முயன்று, கழற்ற மனமின்றி, துருவைத் தேய்த்து எண்ணெய் இட்டார். கயிற்றைக் கோத்து ஓர் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு, தாங்குமா என ஓரிரவு முழுதும் சோதித்தார். தொட்டில் வாங்கவில்லை, அத்தையின் சொல்லை அந்த அளவிற்கு மதித்தார். விடியலில் எழுந்து பார்த்தபோது அத்தை வாயிற்படியில் நின்று, அசையாது தொங்கிய மூட்டையை நோக்கிக்கொண்டிருந்தாள். அன்று பிற்பகல் அவளுடைய பழைய நூற்சேலை ஒன்று, தூளி கட்டுதற்கேற்ற மென்மையுடையது, துவைத்துக் கொடியிற் காய்ந்துகொண்டிருந்தது.