ஆச்சியும் டிராகனும் ஆறு பகடையும்



போன வாரம் நான் போட்ட பகடைப் படத்தைப் பார்த்து இரண்டு கேள்விகள் வந்தன. உறவில் ஒருவர், "மதினி, இந்த வயசுல பேய் பிசாசு விளையாட்டா?" என்று கேட்டார். என்னிடம் கணக்கு படித்த ஒருத்தி, இப்போது அவளும் டீச்சர், "அந்தப் புத்தகத்தை வாங்கி லீவில் பிள்ளைகளோடு விளையாடலாமா டீச்சர்? நல்லது கெட்டது சொல்லுங்க" என்றாள். இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். அவ்வளவுதான். நடத்துபவருக்கு உதவியாகக் கதைகள் அச்சில் கிடைக்கின்றன. நாங்கள் எடுத்தது 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேன்டெல்வர்'. ரிச்சர்ட் பேக்கர், கிறிஸ் பெர்கின்ஸ் எழுதியது. 2014-ல் புதியவர்களுக்கென்று வந்த ஸ்டார்ட்டர் செட் பெட்டிக்குள் இருக்கும். 64 பக்கக் கதைப் புத்தகம், 32 பக்க விதிப் புத்தகம், தயாராக எழுதப்பட்ட 5 பாத்திரங்கள், 6 பகடைகள்.

பதினைந்து வயதுப் பேரன் நடத்தினான். பதினொரு வயதுப் பேத்தி மந்திரவாதி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் போர்வீரர்கள். நான் குள்ளர் குலத்துப் பூசாரி. சிரிக்காதீர்கள்.

முதலில் நல்லது. நான்கு பகுதிகளாகக் கதையை அழகாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் பகுதி கையைப் பிடித்து நடத்துகிறது. இரண்டாவதில் ஃபேன்டலின் என்ற சிற்றூருக்குப் போனதும் கையை விட்டுவிடுகிறது. ரெட்பிராண்ட்ஸ் என்ற ரவுடிக் கூட்டம் ஊரை மிரட்டிக்கொண்டிருக்கிறது. யாரிடம் பேசுகிறோமோ அவரவர் ஒரு வேலை சொல்வார்கள். எதை முதலில் செய்வது என்பது பிள்ளைகள் இஷ்டம். பாடத்திட்டம் உண்டு, கால அட்டவணை கிடையாது. நம் வகுப்புகளில் எத்தனை நாள் ஏங்கியிருப்போம் இதற்கு!

இனி கெட்டது. கதை தொடங்கியதுமே ஒரு பொறி. சாமான் வண்டியோடு போகும்போது பாதையில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கும். அருகில் போனால் நான்கு கோப்ளின்கள் பாய்வார்கள். இரண்டு பேர் நெருங்கி வந்து வெட்டுவார்கள், இரண்டு பேர் புதரில் நின்று அம்பு விடுவார்கள். கணக்கு டீச்சர் சும்மா இருப்பேனா? மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி 8. அம்பு அவள்மேல் படும் வாய்ப்பு 20-க்கு 13. பட்டால் 3 முதல் 8 வரை போகும். ஒரே அம்பில் விழ ஆறில் ஒரு வாய்ப்பு. இரண்டும் பட்டால் 36-ல் 33. புதியவர்களுக்கான புத்தகத்தில் முதல் நாளே இப்படி ஒரு பரீட்சை!

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. பேத்தி விழுந்தாள். என் முறை வந்ததும் குணப்படுத்தும் மந்திரம் போட்டு எழுப்பினேன். மந்திரவாதி எழுந்தாள், பிள்ளையின் முகம் எழவில்லை. மறுநாள் "நான் வரலை ஆச்சி" என்றுவிட்டாள். இந்த ஜூனில்தான் பள்ளி மாறியிருக்கிறாள். வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று அங்கே சொல்கிறார்கள். இங்கேயும் வாய் திறப்பதற்குள் அம்பு வந்துவிட்டால் என்ன செய்வாள்?

மூன்றாம் நாள் வந்து சும்மா உட்கார்ந்தாள். அன்றைக்குக் கோப்ளின் குகை. அங்கே யீமிக் என்று ஒருவன், எங்கள் ஆள் சில்டாரை மேட்டின் விளிம்புக்கு இழுத்துவந்து, "என் தலைவன் கிளார்க்கைக் கொல்லுங்கள், இவனை விடுகிறேன்" என்பான். தலைவனாக அவனுக்கு ஆசை. பக்கத்து வீட்டுப் பையன்கள் வாளை உருவிவிட்டார்கள். பேத்தி மெதுவாகச் சொன்னாள்: "அவரைத் தள்ளிவிட்டா அப்புறம் எங்ககிட்ட பேரம் பேச உன்கிட்ட என்ன இருக்கும்? முதல்ல அவரை விடு." மந்திரவாதிக்குப் பேச்சுத்திறன் மைனஸ் 1. பகடையில் 17 விழுந்தது. யீமிக் விட்டான். அதற்குப் பிறகு அவளை அடக்க முடியவில்லை, ரெட்பிராண்ட்ஸ் மறைவிடத்தில் ஒற்றைக் கண் அரக்கனிடமும் பேரம்தான்!

இந்தப் புத்தகத்தின் பலமும் பலவீனமும் இதிலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது. எதிரி வாய் திறக்கும் இடங்களிலெல்லாம் கதைக்கு உயிர் வருகிறது. தண்டர்ட்ரீ என்ற பாழூரில் இருக்கும் பச்சை டிராகன்கூட, வெட்டி ஜெயிப்பதற்கல்ல, பேசித் தப்பிப்பதற்கும் ஓடுவதற்கும்தான். பேச இடமில்லாத இடங்களில் கதை சப்பென்று போகிறது. பெரிய வில்லன் நெஸ்னார், 'கருப்புச் சிலந்தி' என்று பெயர் மட்டும் அடிபடும். நடுவில் ஒரு கடிதம் கிடைக்கும். ஆளைப் பார்ப்பது கடைசிக் குகையில்தான். பார்த்திராதவன்மேல் பிள்ளைகளுக்குக் கோபம் எப்படி வரும்? வண்டியை அனுப்பிய குண்ட்ரனும் அப்படித்தான். நண்பரைக் காப்பாற்றுங்கள் என்கிறது புத்தகம், ஆனால் அந்த நண்பரோடு உட்கார்ந்து பேச ஒரு காட்சிகூட இல்லை.

அதனால் என் மாணவிக்குச் சொல்கிறேன்: வாங்கு. 2023-ல் இதே கதையை நீட்டிப் பெரிய புத்தகமும் வந்திருக்கிறது, தொடங்குவதற்குச் சின்னதே போதும். ஆனால் மூன்று திருத்தம் செய். புறப்படும் முன் குண்ட்ரனோடு சத்திரத்தில் ஒரு சாப்பாடு போடு. பாதையில் நான்கு கோப்ளின்களுக்குப் பதில் இரண்டு வை, ஒருவன் முதலில் மிரட்டிப் பேசட்டும். நெஸ்னாரை இரண்டாம் பகுதியிலேயே ஒருமுறை தூரத்தில் காட்டிவிடு.

கேள்வி கேட்ட உறவுக்கும் பதில்: பேயும் பிசாசும் இருக்கத்தான் செய்கின்றன. பேத்தி அவற்றோடு பேசப் பழகிக்கொண்டிருக்கிறாள். பள்ளியில் இன்னும் அமைதிதான், அவசரமில்லை. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆட்டம், மேசையில் இன்னும் ஓர் இடம் காலி. வருபவர்கள் முறுக்கு கொண்டுவரவும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்