திறக்க மறுத்தது ஏன்?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

ஆம்பூர், வாணியம்பாடி என்றவுடன் வெளியூர்க்காரர்களுக்குத் தோலும் காலணியும்தாம் நினைவுக்கு வரும். (பிரியாணி என்பாரும் உண்டு, அது வேறு கட்டுரை.) ஆனால் காலணியின் மேற்பாகத்தை ஊசியும் நூலும் கொண்டு கையால் தைக்கும் வேலை எங்களைப் போன்றோர் வீட்டுத் திண்ணைகளில் நடக்கிறது என்பது அக்காலணியை அணிபவர்களுக்குத் தெரியாது. என் அன்னை அப்படித் தைப்பவர். முகவர் ஒருவர் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை ஜோடி வந்தது, எத்தனை போயிற்று, தையல் சரியில்லை என்று எத்தனை திரும்பிற்று என்பதையெல்லாம் அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வருவார். மாதக் கடைசியில் அவருடைய கணக்கும் முகவருடைய கணக்கும் ஒத்துப்போவது அபூர்வம்.

இந்தக் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றிவிட வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் வீட்டில் கணிப்பொறி என்று இருப்பது, என் அக்கா மேல்நிலை வகுப்பில் படித்தபோது அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி ஒன்றுதான். அக்கா 2020-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறாள். அவளுடைய கணினி அறிவியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே பைத்தான் மொழியைக் கொஞ்சம் கற்றேன். பைத்தான் என்றதும் மலைப்பாம்பை நினைக்காதீர்கள். 1991-இல் இம்மொழியை வெளியிட்ட கீடோ வான் ராசம் என்னும் நெதர்லாந்து நாட்டவர், தாம் விரும்பிப் பார்த்த 'மான்டி பைத்தான்' என்ற ஆங்கில நகைச்சுவைத் தொடரின் பெயரைத்தான் வைத்தாராம். இம்மொழியில் நிரல் எழுதுவதற்கு அதனுடனேயே ஒரு மென்பொருள் வருகிறது. அதன் பெயர் ஐடில். நாம் எழுதும் ஏடும் அதுதான்; எழுதியதை ஓட்டிப் பார்க்கும் களமும் அதுதான்.

என் நிரல் முக்கால்வாசி முடிந்திருந்தது. மூன்று மாதக் கணக்கையும் ஏற்றியாகிவிட்டது. திரும்பி வந்த ஜோடிகளைக் கழிக்கும் பகுதி மட்டும் பாக்கி. அந்த நேரத்தில்தான், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, ஐடில் திறக்க மறுத்தது.

எப்போதும் போல 'கணக்கு' என்ற கோப்புறையைத் திறந்து, என் நிரலின் மேல் வலது பொத்தானை அழுத்தி, 'ஐடிலில் திருத்து' என்பதைத் தேர்ந்தேன். சிறிய நீல வட்டம் ஒரு நொடி சுழன்றது, நின்றது. அவ்வளவுதான். சாளரம் வரவில்லை. பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை. பத்து முறை செய்தேன், பத்து முறையும் அப்படியே. ஏதாவது சொல்லிவிட்டு விழுந்தாலாவது அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். ஒன்றும் சொல்லாமல் போகிறவர்களிடம்தான் நமக்குக் கோபம் அதிகமாக வருகிறது, இல்லையா?

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். நீக்கிவிட்டு மறுபடி நிறுவு என்றான் பக்கத்து வீட்டு அண்ணன். மடிக்கணினியிலேயே சேமித்து வைத்திருந்த பைத்தான் 3.8-ஐ நீக்கி, மறுபடி நிறுவினேன். பயனில்லை. வைரஸ் தடுப்பு மென்பொருள் தடுக்கிறது என்றார் இன்னொருவர். இது முற்றிலும் தவறான யோசனை அன்று. ஐடில் பார்ப்பதற்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டாக இயங்குவது. நாம் எழுதும் சாளரம் ஒன்று, எழுதியதை ஓட்டும் பகுதி மற்றொன்று. இரண்டும் கணிப்பொறிக்குள்ளேயே ஓர் இணைப்பின் வழியாகப் பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சைத் தடுப்பு மென்பொருள் குறுக்கே நின்று மறிப்பது உண்டு. முன்பு அதிகம், இப்போது குறைவு. ஆனால் அப்படி மறித்தால், இணைப்புக் கிடைக்கவில்லை என்றாவது ஒரு செய்தி வர வேண்டும். எனக்கு அதுவும் இல்லை.

என் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டிலும் பைத்தான் திறக்கவில்லை. அவள் பட்ட பாடு வேறு. அவளிடம் இருப்பது விண்டோஸ் 7. 'ஏபிஐ-எம்எஸ்-வின்' என்று தொடங்கும் ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லை என்று நீளமான செய்தி வந்தது. அந்தக் கோப்பை எங்கிருந்தாவது தேடி எடுத்துப் போடப் பார்த்தாள். அது தேவையே இல்லை. 2020 அக்டோபரில் வந்த பைத்தான் 3.9 முதல் விண்டோஸ் 7-இல் ஓடாது. அதற்கு முந்தைய 3.8 ஓடும். பழையதை நிறுவியவுடன் அவளுக்குச் சரியாகிவிட்டது. என்னிடம் இருந்ததோ அந்த 3.8-தான். ஆகவே அவளுடைய மருந்து எனக்கு உதவவில்லை.

வியாழனன்று அப்பா மடிக்கணினியைக் கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிடலாம், எண்ணூறு ரூபாய். வேண்டியதைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள்" என்றாராம். எங்களிடம் இருந்த ஒரே பென்டிரைவ் செருகினால் சில வேளை தெரியும், சில வேளை தெரியாது. மூன்று மாதக் கணக்கை அதை நம்பி எப்படி ஒப்படைப்பது?

அப்பாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவர் தோல் பதனிடும் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவர். ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் விரித்து விரல்களால் தடவிப் பார்ப்பார். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, உரிக்கும்போது பட்ட கத்தி வெட்டு எல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். குறை இருக்கும் இடத்தைக் கண்டுகொண்டால், அதை விட்டு மீதியை வெட்டிக்கொள்ளலாம். அன்றிரவு சாப்பிடும்போது அவர் தாமாகவே சொன்னார்: "எங்கே ஓட்டை என்று பார்க்காமலேயே முழுத் தோலையும் தூக்கிப் போடச் சொல்கிறான். சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறதே, பார்."

வெள்ளிக்கிழமை காலை, கணிப்பொறி ஆசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டே கேள்விகள் கேட்டார். "கடைசியாக எப்போது சரியாகத் திறந்தது?" சனிக்கிழமை என்றேன். "அதற்கும் செவ்வாய்க்கும் நடுவில் என்ன மாறியது?" எனக்குத் தெரிந்து ஒன்றும் மாறவில்லை என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு ஒரு துண்டுத் தாளில் சிறு கட்டளை ஒன்றை எழுதிக் கொடுத்தார். படத்தைச் சொடுக்கித் திறந்தால், ஐடில் தன் பிழைச் செய்தியைக் காட்ட ஓர் இடமே இல்லாத முறையில் தொடங்குகிறது. அதனால்தான் மௌனமாக மறைகிறது. கறுப்புத் திரையாகிய கமாண்ட் பிராம்ப்டிலிருந்து திறந்தால், சொல்ல வேண்டியதை அங்கே கொட்டிவிட்டுத்தான் போகும் என்றார்.

மாலை வீட்டுக்கு வந்ததும் முதலில் வேறொன்றைச் செய்து பார்த்தேன். கோப்புறைக்குப் போகாமல் தொடக்கப் பட்டியலிலிருந்தே ஐடிலைச் சொடுக்கினேன். திறந்துகொண்டது! உடனே மூடிவிட்டுக் கோப்புறையிலிருந்து திறந்தேன். மறைந்தது. மறுபடி பட்டியலிலிருந்து, திறந்தது. மென்பொருளுக்கு எந்த நோயும் இல்லை. இருக்கும் குறையெல்லாம் என் 'கணக்கு' கோப்புறைக்குள் என்பது அப்போதே விளங்கிவிட்டது. எண்ணூறு ரூபாய் கொடுத்து எல்லாவற்றையும் அழித்திருந்தாலும், அதே கோப்புறையைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தவுடன் அதே கதைதான் நடந்திருக்கும்.

பிறகு கறுப்புத் திரையைத் திறந்து, 'கணக்கு' கோப்புறைக்குள் சென்று, ஆசிரியை எழுதிக் கொடுத்தபடி 'பிஒய் -எம் ஐடில்லிப்' என்று தட்டினேன். பத்துப் பதினைந்து வரிகள் சரசரவென்று இறங்கின. பார்த்தவுடன் பயமாகத்தான் இருக்கும், தோழியரே. கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். கடைசி வரி, 'ரேண்டம்' என்னும் தொகுதி பாதிதான் தொடங்கியிருக்கிறது, அதில் 'சாய்ஸ்' என்பது இல்லை என்றது. அதற்கு மேலே அந்த 'ரேண்டம்' எங்கே இருக்கிறது என்ற முகவரி. பைத்தான் நிறுவப்பட்டிருக்கும் இடம் அன்று அது. என் 'கணக்கு' கோப்புறை!

உள்ளே பார்த்தேன். 'ரேண்டம்.பிஒய்' என்று ஒரு கோப்பு. நான் அதை எழுதவில்லை.

இதை விளக்கிவிட்டு மேலே போகிறேன். பைத்தானுடன் ஆயத்தத் தொகுதிகள் பல வருகின்றன. குலுக்கல் முறையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவுவது 'ரேண்டம்'. ஏடு போன்ற ஐடிலுக்குக் குலுக்கல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். ஐடில் தொடங்கும்போது, தற்காலிகக் கோப்புகளை உண்டாக்கும் ஒரு தொகுதியை அழைக்கிறது. அத்தொகுதி அக்கோப்புகளுக்கு ஒன்றுபோல் ஒன்று இல்லாத பெயர்களைச் சூட்டுவதற்கு 'ரேண்டம்' தொகுதியை அழைக்கிறது. இப்படி அழைக்கும்போது பைத்தான் முதலில் தேடுவது தான் நின்றுகொண்டிருக்கும் கோப்புறையில்தான்; அங்கே இல்லாவிட்டால்தான் தன் சொந்தக் களஞ்சியத்துக்குப் போகும். அதே பெயரில் வாசலிலேயே ஒருவர் நின்றால், உள்ளே இருக்கும் உண்மையானவரைப் பார்க்காமல் இவரையே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. பட்டியலிலிருந்து திறந்தபோது அது என் கோப்புறையில் நிற்கவில்லை, அதனால் பிழைத்தது. உலகம் முழுதும் புதிதாகக் கற்பவர்களுக்கு இது நேர்வதால், ஐடிலின் விளக்கக் குறிப்பிலேயே இதை எழுதி, கோப்பின் பெயரை மாற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13 இப்படிப்பட்ட நேரங்களில், இந்தக் கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள் என்று பிழைச் செய்தியிலேயே சொல்கிறது. எங்கள் பழைய 3.8-க்கு அந்தக் கரிசனம் கிடையாது.

அக்கா தொழிற்சாலை வண்டியிலிருந்து இறங்கி வீடு வர இரவு எட்டு மணியாயிற்று. வாசலிலேயே கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, பென்டிரைவ் கெட்டுக்கொண்டு வருகிறதே என்று, அதிலிருந்த தன் பள்ளிக் காலத்துக் கோப்புகளை மடிக்கணினியில் கண்ணுக்குத் தெரிந்த முதல் கோப்புறையில் போட்டு வைத்தாளாம். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

"அதில் என்ன எழுதினாய்?" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் தானே யோசித்து எழுதிய முதல் நிரல் அது என்றாள். வீட்டில் யார் பாத்திரம் துலக்குவது என்று எனக்கும் அவளுக்கும் தினமும் சண்டை நடக்குமே, அதைக் கணிப்பொறியே தீர்க்கட்டும் என்று இரண்டு பெயர்களையும் கொடுத்துக் குலுக்கிப் போடச் சொல்லி எழுதியிருந்தாள். குலுக்கல் என்பதால் கோப்புக்கும் 'ரேண்டம்' என்றே பெயர் வைத்தாள். அது ஒரு நாளும் ஓடவில்லை. எத்தனையோ முறை வரி வரியாகப் பார்த்தாளாம். வரிகளில் தவறே இல்லை. "நமக்கு இது வராது என்று விட்டுவிட்டேன்" என்றாள். வேலைக்குப் போகலாமா, கல்லூரியில் கணினி அறிவியல் சேரலாமா என்ற பேச்சு வீட்டில் நடந்தபோது, அக்கா ஏன் அவ்வளவு சீக்கிரம் வேலைக்கு ஒத்துக்கொண்டாள் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. வீட்டில் பணமும் இல்லை, அது வேறு. ஆனால் இதுவும் இருந்திருக்கிறது.

அந்த நிரலை நான் படித்துப் பார்த்தேன். மொத்தம் நான்கு வரிகள். முதல் வரி, 'ரேண்டம்' தொகுதியைக் கொண்டு வா என்கிறது. கோப்பின் பெயரும் அதுவே ஆனதால், பைத்தான் அந்தக் கோப்பையே கொண்டுவந்து, அதற்குள்ளேயே குலுக்கும் கருவியைத் தேடி, இல்லை என்று கைவிரித்திருக்கிறது. நான்கு வரிகளும் சரி. பெயர் ஒன்றுதான் குறுக்கே நின்றது. இதை அக்காவிடம் சொன்னபோது அவள் நம்பாமல் என்னையே பார்த்தாள். "நீயே மாற்று" என்று மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினேன்.

கோப்புக்கு 'யார்' என்று பெயர் மாற்றினாள். ஊசியும் இயந்திரமும் பழகிய அந்த விரல் சிறிது நேரம் பொத்தானின் மேலேயே நின்றது. பிறகு எஃப் 5-ஐ அழுத்தினாள். ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த நிரல் முதன்முறையாக ஓடியது. திரையில் வந்தது என் பெயர்.

அன்று பாத்திரம் துலக்கியது நான்தான். நான் துலக்கி முடிக்கும்வரை அக்கா மறுபடியும் மறுபடியும் அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள்.