முப்பது நாளா, முப்பது பிள்ளைகளா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு கேள்வியும் இருக்கிறது.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். இங்கே நம் காலாப்பட்டு இன்ஜினியரிங் காலேஜிலேயே படித்து, சென்னையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஊருக்கே திரும்பி வந்து சொந்தமாக ஒரு சாஃப்ட்வேர் செய்திருக்கிறான். சின்ன நர்சரி பள்ளிகளுக்கும் டியூஷன் சென்டர்களுக்குமானது. வருகைப் பதிவு, ஃபீஸ் கணக்கு, மார்க் பட்டியல், பெற்றோருக்குச் செய்தி எல்லாம் ஒரே இடத்தில். இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். பேங்க் லோன் வேறு இருக்கிறது. அவன் அம்மா என்னைக் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம், "எப்படியாவது நிமிர்ந்துடணும் டீச்சர்" என்பார்.

சாஃப்ட்வேர் தயார். அவன் தடுமாறி நின்றது ஒரே இடத்தில்தான். காசு கொடுத்து வாங்குவதற்கு முன் பள்ளிக்காரர்கள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்ப்பார்கள். அந்த இலவசத்தை எங்கே நிறுத்துவது? "முப்பது வருஷத்துக்கு மேல ரிஜிஸ்டர் எழுதுனவங்க நீங்க. நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்றான். சாஃப்ட்வேர் எழுதுவது எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் எப்படி நடக்கும் என்று தெரியும். அதை வைத்து யோசித்ததை உங்களோடு பகிர்கிறேன்.

கோடையில் ஈ.சி.ஆர். ஓரமாகத் தர்பூசணியைக் குவித்து வைத்து விற்பார்களே, பார்த்திருப்பீர்கள். பழம் எப்படி என்று கேட்டால் கத்தியைச் செருகி முக்கோணமாக ஒரு துண்டு எடுத்து நீட்டுவார்கள். துண்டு சின்னதுதான். ஆனால் கத்தி பழத்தின் நடு வரைக்கும் போய் வந்திருக்கும். சிவப்பு தெரியும், இனிப்பும் தெரியும். தோலோரத்து வெள்ளையை மட்டும் சீவிக் கொடுத்தால் யாராவது வாங்குவார்களா?

ஆனால் பழக்காரருக்கு இருக்கும் நிம்மதி சாஃப்ட்வேர்காரருக்கு இல்லை. துண்டைத் தின்றவர் மறுநாளும் வந்து துண்டு கேட்டால் பழக்காரர் விரட்டிவிடுவார். சாஃப்ட்வேரை ஒருமுறை கொடுத்துவிட்டால் அதையே ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளலாம், நாலு பேருக்கு நகல் எடுத்தும் கொடுக்கலாம். அதனால்தான் எல்லை போட வேண்டியிருக்கிறது.

முதலில் எல்லையே போடாதவர்களும் இருந்தார்கள். 1982 வாக்கில் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன், ஜிம் நாஃப் என்ற இருவர் தனித்தனியாக இதை ஆரம்பித்தார்கள். தங்கள் சாஃப்ட்வேரை நகல் எடுத்து நண்பர்களுக்கும் கொடுங்கள், பயன்பட்டால் எங்களுக்குக் கொஞ்சம் பணம் அனுப்புங்கள் என்றார்கள். பணமும் வந்தது. பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எல்லை போட ஆரம்பித்தார்கள். 1993இல் வந்த 'டூம்' என்ற கேமை உங்களில் சிலர் விளையாடியிருப்பீர்கள். அதில் மூன்று பாகங்கள். முதல் பாகம் முழுவதும் இலவசம். மீதி இரண்டுக்குக் காசு. 'வின்ரார்' கதை உங்களுக்கே தெரியும். நாற்பது நாள் முடிந்துவிட்டது, வாங்குங்கள் என்று சொல்லும். நாம் அதை மூடிவிட்டு வேலையைப் பார்ப்போம். அதுவும் கோபித்துக்கொள்ளாமல் வேலை செய்யும்.

இப்படி எத்தனை வகை இருந்தாலும் நான்கில் அடக்கிவிடலாம்: நாளை வைத்து நிறுத்துவது, அளவை வைத்து நிறுத்துவது, சில வசதிகளைப் பூட்டி வைப்பது, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அதன்மேல் ஒரு முத்திரை குத்துவது. நான்காவது வகை ஆசிரியர்களுக்குப் பழக்கமானது. ஜூன் மாதம் நோட்ஸ் கம்பெனிக்காரர்கள் ஸ்பெசிமன் காப்பி கொண்டுவந்து தருவார்கள். உள்ளே ஒரு பக்கம் குறையாது. முதல் பக்கத்தில் 'விற்பனைக்கு அல்ல' என்று சீல் மட்டும் இருக்கும்.

பையன் முதலில் நினைத்தது முப்பது நாள் இலவசம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். நான் கேட்டேன்: "ஜூன் மாசம் ஒரு ஹெச்.எம். உன் சாஃப்ட்வேரை எடுத்தா, அந்த முப்பது நாள்ல என்னப்பா பார்ப்பாங்க?" அட்மிஷன் பார்ப்பார்கள், வருகை போடுவார்கள். காலாண்டுத் தேர்வு செப்டம்பரில்தான் வரும். மார்க் பட்டியல், ரேங்க், பெற்றோர் கூட்டம் எல்லாம் அதற்குப் பிறகு. அவன் ராப்பகலாக உழைத்தது அந்த மார்க் பட்டியலுக்காக. அதைப் பார்ப்பதற்குள் நாள் முடிந்துவிடும். நாள் கணக்கு வைப்பதாக இருந்தால் அந்த வேலை ஒரு சுற்று சுற்றி முடிக்க எவ்வளவு நாள் ஆகுமோ அவ்வளவாவது கொடுக்க வேண்டும். பள்ளிக்கு அது குறைந்தது ஒரு பருவம்.

நாள் கணக்கில் இன்னொரு கொடுமையும் உண்டு. என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் ஓய்வுக்குப் பிறகு டியூஷன் நடத்துகிறார். ஏதோ ஒரு கம்பெனியின் இலவசப் பதிப்பில் அறுபது பிள்ளைகளின் ஃபீஸ் கணக்கை உட்கார்ந்து ஏற்றினார். முப்பத்தோராம் நாள் திரை பூட்டிக்கொண்டது. யார் கொடுத்தார்கள், யார் பாக்கி என்று பார்க்கக்கூட வழியில்லை. அவர் எழுதிய கணக்கு அவர் கண்ணுக்கே தெரியவில்லை. பணம் கட்டவில்லை அவர். மறுபடி நீள நோட்டுக்குப் போய்விட்டார், இன்றுவரை எந்த சாஃப்ட்வேரையும் தொடுவதில்லை. பிடித்து வைத்து வாங்க வைக்கலாம் என்று நினைத்த கம்பெனி, அந்தத் தெருவில் அடுத்து வரப்போகிற நம் பையனுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்திவிட்டது.

எல்லையை அழகாகப் போட்டவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது டேலி. 1986இல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய பெங்களூரு நிறுவனம் அது. பரத் கோயங்காவுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. லைசென்ஸ் இல்லாமல் டேலியைத் திறந்தால் 'எஜுகேஷனல் மோட்' என்று ஒன்று வரும். காமர்ஸ் படித்த பிள்ளைகளுக்குத் தெரியும். அதில் வவுச்சர் போடலாம், பேலன்ஸ் ஷீட் எடுக்கலாம், கற்றுக்கொள்ள எதுவும் குறையில்லை. ஆனால் மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் கணக்கு எழுத முடியும்.

யோசித்துப் பாருங்கள். பாடம் படிக்கிறவருக்கு எந்தத் தேதியாக இருந்தால் என்ன? கடை நடத்துகிறவருக்கு மூன்றாம் தேதி வியாபாரத்தை எங்கே எழுதுவது? படிக்கிறவருக்கு முழுசும் கிடைக்கிறது, பிழைப்புக்குப் பயன்படுத்துகிறவர் வாங்கியாக வேண்டியிருக்கிறது. படித்த பிள்ளை நாளை வேலைக்குப் போகிற கடையில் எந்த சாஃப்ட்வேர் வேண்டும் என்று கேட்பாள்? டேலிதான். அந்த எல்லையைப் போட்டவருக்கு வகுப்பறையும் தெரியும், கல்லாப்பெட்டியும் தெரியும்.

ஜூமின் நாற்பது நிமிடத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். 2020இல் நம் சொந்தக்காரர்கள் எல்லாம் ஜூமில் கூடியபோது, சரியாகப் பெரியவர்கள் பேச வாயெடுக்கும் நேரத்தில் கட் ஆகும். ஆனால் நாற்பது நிமிடம் என்பது பள்ளியில் ஒரு பீரியட். பாடம் நடத்தலாம். ஆபீஸ் மீட்டிங் என்றால் போதாது. நம் தமிழ்நாட்டு ஸோஹோ நாளை விட்டுவிட்டு ஆளைக் கணக்கிடுகிறது. அவர்களுடைய சி.ஆர்.எம். மூன்று பேர் வரைக்கும் இலவசம். நாலாவது ஆளை வேலைக்கு வைக்கிற அளவுக்கு வளர்ந்தால் காசு கொடு என்கிறார்கள். நியாயமாகப்பட்டது.

"அப்ப எல்லாத்தையும் இலவசமாவே குடுத்துட்டா என்ன டீச்சர்? பேராவது பரவும்" என்று ஒரு நாள் சோர்ந்து போய்ச் சொன்னான். அப்படிக் கொடுத்தவர்களை நாம் கும்பிட வேண்டும். சுவிட்சர்லாந்தில் லொசானில் இருந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். 1998இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி பழைய தமிழ் நூல்களை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி செய்தார். ஆனால் அவர் வேதியியல் விஞ்ஞானி. அதற்குச் சம்பளம் வந்தது. இவனுக்கு இதுதான் சம்பளம், இவனை நம்பி இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் இதுதான் சம்பளம். தானத்தையும் பிழைப்பையும் ஒரே கணக்கில் எழுதக்கூடாது என்று சொன்னேன்.

பல நாள் பேசி, கடைசியில் இப்படி முடிவு செய்தான். நாள் கணக்கே கிடையாது. முப்பது பிள்ளைகள் வரைக்கும் எப்போதும் இலவசம். நான் ஒரு செக்‌ஷன் அளவுக்கு நாற்பது கேட்டேன். அவன் இருபதில் நின்றான். முப்பதில் சமாதானம் ஆனோம். மார்க் பட்டியல் உட்பட எல்லா வசதியும் திறந்திருக்கும். அச்சிடும் தாளின் அடியில் சாஃப்ட்வேரின் பெயர் சின்னதாக வரும், நம் ஸ்பெசிமன் சீல் மாதிரி. பெற்றோருக்கு அனுப்பும் எஸ்.எம்.எஸ். மட்டும் இலவசத்தில் கிடையாது, ஒவ்வொரு செய்திக்கும் அவன் கையிலிருந்து காசு போகிறது. அவனுக்குச் செலவு வைக்காததைத் தாராளமாகக் கொடுப்பது, செலவு வைப்பதற்குக் காசு கேட்பது.

நான் பிடிவாதமாக நின்றது ஒன்றில்தான். எல்லை தாண்டினால் முப்பத்தோராவது பிள்ளையைச் சேர்க்க முடியாது, அவ்வளவுதான். ஏற்கெனவே எழுதியதைப் பார்க்கலாம், அச்சிடலாம், எக்ஸெலில் எடுத்துக்கொண்டு போகலாம். காசு கொடுக்காவிட்டாலும் இது மாறக்கூடாது. எல்லை என்னவென்று முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும், இருபத்தைந்தாவது பிள்ளையிலேயே ஒருமுறை நினைவூட்ட வேண்டும். தேர்வு அட்டவணையை முன்கூட்டியே ஒட்டுவோம் இல்லையா, அப்படி.

அவனுக்கு இதில் பயம் இருக்கிறது. ஊரில் பாதி டியூஷன்கள் முப்பதுக்குள்தான். அவர்கள் ஒருநாளும் காசு கொடுக்க மாட்டார்கள் என்கிறான். உண்மைதான். ஆனால் பதினைந்து பிள்ளைகளை வைத்து வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுக்கும் ஒரு பெண்ணிடம் வாங்கி அவன் லோன் அடையப் போவதில்லை. நானூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் வாங்கினால்தான் அடையும். அந்தப் பள்ளிகளில் வேலைக்குச் சேரும் டீச்சர்கள் பலர் இந்தத் திண்ணைகளில் தொடங்கியவர்கள்.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை, இதோடு சம்பந்தப்பட்டதுதான். 'ஏழு நாள் இலவசம்' என்று சொல்லி முதலிலேயே கார்டு நம்பரோ யு.பி.ஐ. ஆட்டோபேயோ கேட்கும் ஆப்களிடம் கவனமாக இருங்கள். எட்டாம் நாள் பணம் தானாகப் போகும். இலவசமாகப் பார்ப்பதற்கே பணம் எடுக்கும் அனுமதியைக் கட்டாயப்படுத்துவதை 'சந்தாப் பொறி' என்று வகைப்படுத்தி, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. இருந்தாலும் மாதம் ஒருமுறை உங்கள் யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, எதற்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். தேவையில்லாததை அங்கேயே ரத்து செய்யலாம். நம் பையன் கார்டே கேட்கப்போவதில்லை. அதை அவனாகவே முடிவு செய்தான்.

வருகிற ஜூனில் பள்ளி திறக்கும்போது வெளியிடுகிறான். சரியாக வருமா என்று எனக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் பிள்ளைகளே, முப்பது என்பது சரியா, அதிகமா, குறைவா? உங்கள் கம்பெனியில் இந்த எல்லையை எப்படி முடிவு செய்கிறீர்கள்? டீச்சர் சொல்லிவிட்டார் என்று தலையாட்ட வேண்டாம், மனதில் பட்டதை எழுதுங்கள். அவன் எல்லாவற்றையும் படிப்பான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
காலாப்பட்டு.